முழங்கால் மூட்டுத் தேய்மான வலி: ஊசியும் மின்தூண்டலும் சேர்ந்தால் என்ன பயன்?

மூட்டுத் தேய்மானத்தால் முழங்கால் வலிக்கு ஆளானவர்கள் எமது வெளிநோயாளர் பிரிவுக்கு வரும்போது பெரும்பாலும் இரண்டு செய்திகளை அறிந்துகொண்டே வருகின்றனர். ஒன்று, அக்குபஞ்சர் என்னும் ஊசிச் சிகிச்சையால் அண்டை வீட்டார் ஒருவருக்கு வலி தீர்ந்தது என்பது. மற்றொன்று, தோலின்மேல் பட்டைகளை ஒட்டி மெல்லிய மின்சாரம் செலுத்தும் 'டென்ஸ்' என்னும் சிறு கருவி கடைகளில் கிடைக்கிறது என்பது. "இரண்டையும் சேர்த்துச் செய்துகொள்ளலாமா டாக்டர்? அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட முடியுமா?" என்பதே அடுத்த கேள்வி.

இக்கேள்விக்கு 'ஆம்', 'இல்லை' என்று ஒரே சொல்லில் விடை கூறுதல் பொருந்தாது. இவ்விரு முறைகளும் உடலில் எவ்வாறு செயற்படுகின்றன, அவற்றைப் பற்றி ஆய்வுகள் கண்டது என்ன, யார் இவற்றை மேற்கொள்ளலாம், யார் தவிர்க்க வேண்டும் என்பனவற்றை நோயாளிகளும் அவர்களைப் பேணும் குடும்பத்தாரும் அறிந்திருந்தால், பணத்தையும் காலத்தையும் வீணாக்காமல் சரியான முடிவுக்கு வரலாம். அதற்கு உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூட்டில் நடப்பது என்ன?

தொடை எலும்பின் கீழ்முனையும் கால் எலும்பின் மேல்முனையும் முழங்காலில் சந்திக்கின்றன. அவற்றின் முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. வயது, உடல் எடை, பழைய காயம், பரம்பரை ஆகியவற்றின் காரணமாக இக்குருத்தெலும்பு மெலிந்து, பிளந்து, தேய்கிறது. எலும்பின் ஓரங்களில் சிறு முட்கள் போன்ற வளர்ச்சிகள் தோன்றுகின்றன. மூட்டின் உள்ளுறை அவ்வப்போது அழற்சியுற்று நீர் கோக்கிறது. ஐம்பது வயதைக் கடந்தவர்களிடமும், அவர்களுள் குறிப்பாகப் பெண்களிடமும் இந்நோய் மிகுதியாகக் காணப்படுகிறது.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். குருத்தெலும்பில் நரம்புகள் இல்லை. ஆகவே தேய்ந்த குருத்தெலும்பு தானாக வலிப்பதில்லை. வலி, அதன் அடியிலுள்ள எலும்பிலிருந்தும், அழற்சியுற்ற உள்ளுறையிலிருந்தும், இழுபடும் தசைநார்களிலிருந்தும் எழுகிறது. எக்ஸ்ரே படத்தில் கடுமையான தேய்மானம் தெரியும் ஒருவர் இயல்பாக நடமாடுவதும், சிறிதளவே தேய்மானம் உள்ள மற்றொருவர் படியேற முடியாமல் துன்புறுவதும் இதனால்தான். வலி நெடுநாள் நீடித்தால் தண்டுவடமும் மூளையும் வலிச் செய்திகளுக்கு அளவுக்கு மீறிக் கூர்மையடைகின்றன. அந்நிலையில் சிறு அழுத்தமும் பெரு வலியாக உணரப்படும்.

வலியின் விளைவு வலியோடு நிற்பதில்லை. வலிக்கு அஞ்சி நடையைக் குறைத்தால் தொடையின் முன்பக்கத் தசை மெலிகிறது. தசை மெலிந்தால் மூட்டின் மீது சுமை கூடுகிறது. சுமை கூடினால் வலி மேலும் பெருகுகிறது. எடையும் ஏறுகிறது. இச்சுழலை உடைப்பதே சிகிச்சையின் முதற்குறிக்கோள். ஊசியையும் மின்தூண்டலையும் இக்குறிக்கோளுக்கு அவை எவ்வளவு உதவுகின்றன என்பதைக் கொண்டே மதிப்பிட வேண்டும்.

மின்தூண்டல் எவ்வாறு வலியைத் தணிக்கிறது?

வலிக்கு மின்சாரத்தைப் பயன்படுத்துவது புதியதன்று. கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமானிய மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், மின் அதிர்ச்சி தரும் கடல்மீனின்மேல் காலை வைக்கச் சொல்லிக் கீல்வாத வலியைத் தணிக்கும் முறையை எழுதிவைத்துள்ளார். ஆனால் அதற்கு அறிவியல் விளக்கம் கிடைத்தது 1965ஆம் ஆண்டில்தான். ரொனால்டு மெல்சாக், பேட்ரிக் வால் என்னும் இரு அறிவியலாளர்கள் அவ்வாண்டு 'வாயிற் கட்டுப்பாட்டுக் கோட்பாடு' என்பதை வெளியிட்டனர்.

அக்கோட்பாட்டை எளிதாக இவ்வாறு விளக்கலாம். தொடுதல், அதிர்வு ஆகிய உணர்வுகளைச் சுமந்து செல்லும் நரம்பிழைகள் பருமனானவை. வலியைச் சுமப்பவை மெல்லியவை. இருவகைச் செய்திகளும் தண்டுவடத்திலுள்ள ஒரு வாயிலைக் கடந்தே மூளைக்குச் செல்ல வேண்டும். பருமனான இழைகள் வழியே தொடுவுணர்வு மிகுதியாக வந்தால், வலிச்செய்திக்கு அவ்வாயில் ஓரளவு மூடிக்கொள்கிறது. காலை எங்கேனும் இடித்துக்கொண்டால் உடனே அவ்விடத்தைக் கையால் தேய்த்துவிடுகிறோம் அல்லவா? அப்போது நடப்பதும் இதுவே.

டென்ஸ் கருவி செய்வதும் ஏறக்குறைய இதுவே. மின்கலத்தால் இயங்கும் இக்கருவியிலிருந்து மெல்லிய கம்பிகள் வழியே, முழங்காலைச் சுற்றி ஒட்டப்பட்ட பட்டைகளுக்கு மின்துடிப்புகள் செல்கின்றன. இதில் இரு வகை உண்டு. நொடிக்கு 50 முதல் 100 வரையான துடிப்புகளை, அதாவது 50 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையில், மென்மையாகச் செலுத்துவது ஒரு வகை. அப்போது மரமரப்பு போன்ற உணர்வு தோன்றும். வலி விரைவில் தணியும். ஆனால் கருவியை நிறுத்திய சிறிது நேரத்தில் பயன் குறையத் தொடங்கும். நொடிக்கு 10க்கும் குறைவான துடிப்புகளைச் சற்று வலுவாக, தசை இலேசாகத் துடிக்கும் அளவுக்குச் செலுத்துவது மற்றொரு வகை. இதன் பயன் மெல்லத் தொடங்கிச் சற்று நீண்ட நேரம் நிற்கும்.

ஊசி எவ்வாறு செயற்படுகிறது?

அக்குபஞ்சர் ஊசி, மருந்து செலுத்தும் ஊசி போன்றதன்று. அதில் துளை இல்லை, மருந்தும் இல்லை. பெரும்பாலும் கால் மில்லிமீட்டர் அளவே விட்டமுள்ள மெல்லிய எஃகு இழை அது. நாம் வழக்கமாகக் காணும் ஊசிமருந்துக் குழல் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு பருமனானது. முழங்கால் வலிக்குப் பெரும்பாலும் முழங்காற்சில்லுக்குக் கீழே இருபுறமும் உள்ள குழிவுகள், அதற்குச் சற்றுக் கீழே காலின் வெளிப்புறம், உட்புறம் ஆகிய இடங்கள் தேர்ந்தெடுக்கப்படும். ஊசிகள் 20 முதல் 30 நிமிடங்கள் வரை வைக்கப்படும். ஊசி நுழையும்போது எறும்புக்கடி போன்ற உணர்வும், பின்னர் கனமான, மதமதப்பான உணர்வும் தோன்றுவது இயல்பு.

சீன மரபு இதனை உடலில் ஓடும் உயிராற்றலின் பாதைகளைக் கொண்டு விளக்குகிறது. இக்கால மருத்துவ ஆய்வு வேறொரு விளக்கத்தைத் தருகிறது. மூளையிலேயே வலிநீக்கும் இயற்கைப் பொருள்கள் சுரக்கின்றன என்பதை ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஜான் ஹியூஸ், ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸ் ஆகியோர் 1975இல் கண்டறிந்தனர். அபின் தரும் வலிநிவாரணத்தை ஒத்த விளைவுடைய இப்பொருள்கள் என்கெஃபலின், எண்டார்பின் முதலிய பெயர்களால் அறியப்படுகின்றன. ஊசி தசையிலுள்ள நரம்புகளைத் தூண்டும்போது இப்பொருள்களின் சுரப்பு கூடுகிறது என்பது பின்வந்த ஆய்வுகளால் தெரிந்தது. ஊசி குத்திய இடத்திலேயே அடினோசின் என்னும் வலிதணிக்கும் பொருள் திரள்வதை 2010இல் எலிகளில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது.

பெய்ஜிங்கைச் சேர்ந்த பேராசிரியர் ஹான் ஜிஷெங் இத்துறையில் பல்லாண்டுகள் உழைத்தவர். நொடிக்கு 2 துடிப்புகள் கொண்ட மெதுவான மின்தூண்டல் ஒருவகைப் பொருள்களையும், நொடிக்கு 100 துடிப்புகள் கொண்ட விரைவான தூண்டல் டைனார்பின் என்னும் வேறொரு பொருளையும் சுரக்கச் செய்கின்றன என்று அவருடைய ஆய்வுகள் காட்டின. இரண்டையும் மாற்றி மாற்றித் தூண்டும் முறை இதிலிருந்தே தோன்றியது.

இரண்டையும் இணைப்பது ஏன்?

மேற்கூறியவற்றிலிருந்து இணைப்பின் நியாயம் விளங்கும். தோலின்மேல் தரப்படும் மின்தூண்டல் பெரும்பாலும் தண்டுவடத்து வாயிலை உடனடியாக மூட உதவுகிறது. ஊசி, ஆழத்திலுள்ள தசை நரம்புகளைத் தூண்டி, மூளையின் சொந்த வலிநிவாரணிகளை மெல்ல வெளிக்கொணர்கிறது. இரண்டின் வழிகளும் ஓரளவு வெவ்வேறானவை. ஆகவே சேர்த்துக் கொடுத்தால் பயன் கூடலாம் என்பது எதிர்பார்ப்பு.

இணைப்பை இரண்டு விதமாகச் செய்கின்றனர். ஊசிச் சிகிச்சையை மருத்துவமனையிலும், டென்ஸ் கருவியைத் தோலின்மேல் தனியாகவும் பயன்படுத்துவது ஒன்று. வைத்த ஊசிகளிலேயே கம்பிகளை இணைத்து மெல்லிய மின்சாரம் செலுத்துவது மற்றொன்று. இது மின் அக்குபஞ்சர் எனப்படும். இரண்டாவது முறையைப் பயிற்சி பெற்றவர் மட்டுமே செய்ய வேண்டும். வீட்டில் டென்ஸ் கருவியின் கம்பியை எந்த ஊசியோடும் இணைக்கக் கூடாது.

ஆய்வுகள் கண்டது என்ன?

இணைப்பு முறையை நேரடியாகச் சோதித்த ஆய்வுகள் சிலவே. ஜப்பானில் நடந்து 2008இல் வெளிவந்த ஒரு முன்னோட்ட ஆய்வில், ஐம்பது வயதுக்கு மேற்பட்ட 32 நோயாளிகள் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஊசி மட்டும், டென்ஸ் மட்டும், இரண்டும் சேர்த்து, மேற்பூச்சுப் பற்று மட்டும் என நான்கு முறைகள். வாரம் ஒருமுறையாக ஐந்து முறை சிகிச்சை தரப்பட்டது. இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு வலி குறைந்து மூட்டின் செயல்திறனும் மேம்பட்டது. ஆனால் ஒரு குழுவுக்குச் சுமார் எட்டுப் பேரே இருந்தனர் என்பதை மறக்கலாகாது. இத்தகைய சிறிய ஆய்வு ஒரு வழியைச் சுட்டிக்காட்டும், முடிந்த முடிவாகாது.

ஊசியைத் தனியே சோதித்த பெரிய ஆய்வுகள் பல உள்ளன. அமெரிக்காவில் 570 பேரிடம் நடந்து 2004இல் வெளிவந்த ஆய்வில், 26 வாரங்களின் முடிவில் உண்மையான ஊசிச் சிகிச்சை, பாவனை ஊசிச் சிகிச்சையைவிட வலியையும் செயல்திறனையும் மிகுதியாக மேம்படுத்தியது. பாவனைச் சிகிச்சை என்பது, உரிய இடங்களில் உரியவாறு ஊசி குத்தாமல், நோயாளிக்கு வேறுபாடு தெரியாதவாறு செய்யப்படுவது.

ஜெர்மனியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2006இல் வெளிவந்த ஆய்வு வேறு விதமாக முடிந்தது. உண்மையான ஊசி பெற்றவர்களுள் 53 சதவீதத்தினரும், பாவனை ஊசி பெற்றவர்களுள் 51 சதவீதத்தினரும் பயன் அடைந்தனர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுள் பயன் அடைந்தோர் 29 சதவீதமே. அதாவது ஊசிச் சிகிச்சைக்கு வந்தவர்கள் பயன் பெற்றனர். ஆனால் ஊசி எந்த இடத்தில் குத்தப்பட்டது என்பது அவ்வளவாக வேறுபாடு செய்யவில்லை. ஆஸ்திரேலியாவில் 282 பேரிடம் நடந்து 2014இல் வெளிவந்த ஆய்வில், 12 வாரங்களில் ஊசி, பாவனைச் சிகிச்சையை விஞ்சவில்லை.

சீனாவில் 480 பேரிடம் நடந்து 2021இல் வெளிவந்த ஆய்வு மின் அக்குபஞ்சரைப் பற்றியது. வாரம் மூன்று முறையாக எட்டு வாரங்கள் சிகிச்சை தரப்பட்டது. மின் அக்குபஞ்சர் பெற்றவர்களுள் ஏறத்தாழ 60 சதவீதத்தினரும், பாவனை ஊசி பெற்றவர்களுள் ஏறத்தாழ 47 சதவீதத்தினரும் போதிய முன்னேற்றம் கண்டனர். வேறுபாடு உண்டு; ஆனால் அது மிதமானதே.

டென்ஸ் கருவிக்கான சான்று இதனினும் மெலிந்தது. பிரிட்டனில் 224 பேரிடம் நடந்து 2014இல் வெளிவந்த ஆய்வில், உடற்பயிற்சியோடு டென்ஸ் சேர்த்தபோது, உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களைவிடக் கூடுதல் பயன் தெரியவில்லை. குறிப்பிடத்தக்கது என்னவெனில், அவ்வாய்வில் எல்லாக் குழுக்களும் முன்னேறின. முன்னேற்றத்துக்கு அடிப்படையாக அமைந்தவை எல்லாருக்கும் பொதுவாகத் தரப்பட்ட பயிற்சியும் அறிவுரையுமே எனக் கருதலாம்.

வழிகாட்டு நெறிகள் ஏன் வேறுபடுகின்றன?

சான்றுகள் இவ்வாறு இருப்பதால் மருத்துவ அமைப்புகளின் பரிந்துரைகளும் வேறுபடுகின்றன. பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு 2022இல் வெளியிட்ட நெறிமுறை, மூட்டுத் தேய்மானத்துக்கு ஊசிச் சிகிச்சையையும் டென்ஸ் கருவியையும் அளிக்க வேண்டாம் என்கிறது. அமெரிக்க வாதநோய் மருத்துவர் அமைப்பின் 2019ஆம் ஆண்டு நெறிமுறை, ஊசிச் சிகிச்சையை நிபந்தனையோடு ஏற்கிறது. டென்ஸ் கருவியை வேண்டாம் என அழுத்தமாகக் கூறுகிறது. அமெரிக்க எலும்பியல் அறுவை மருத்துவர் அமைப்போ 2021இல், இரண்டும் வலியைக் குறைக்கக்கூடும்; ஆனால் சான்று குறைவு என்கிறது.

அறிஞர்களே ஒத்துப்போகாதபோது நாம் எதை நம்புவது என்று தோன்றலாம். உண்மையில் அவர்கள் மூவரும் பார்த்த ஆய்வுகள் பெரும்பாலும் ஒன்றே. அவர்கள் எழுப்பிய கேள்விகள்தாம் வேறு. பாவனைச் சிகிச்சையைவிட எவ்வளவு கூடுதல் பயன், அதற்கு அரசு செலவிடும் பணம் தகுமா என்பது ஒரு கேள்வி. தீங்கு மிகக் குறைவாக இருக்கையில், வேறு வழி குறுகிய நோயாளி ஒருவர் இதை முயலலாமா என்பது மற்றொரு கேள்வி. மூன்று நெறிமுறைகளும் ஒருமித்துக் கூறுவது ஒன்று உண்டு: உடற்பயிற்சியே சிகிச்சையின் அடித்தளம்.

இதில் எமது நிலைப்பாட்டைத் தெளிவாகக் கூறுகிறோம். இவ்விரு முறைகளும் தேய்ந்த குருத்தெலும்பை வளரச் செய்வதில்லை. நோயின் போக்கை மாற்றுவதாகச் சான்று இல்லை. ஒருசிலருக்குச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை வலியைத் தணிக்கின்றன. அவ்வளவே. ஆனால் அந்தத் தணிவும் சிலருக்குப் பெரிது.

யாருக்கு இது பொருந்தும்?

சிறுநீரகச் செயற்பாடு குறைந்த, அல்லது வயிற்றுப்புண் கொண்ட, அறுபது வயதைக் கடந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவருக்கு டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் போன்ற வலிமாத்திரைகளைத் தொடர்ந்து கொடுப்பது ஆபத்து. அவை சிறுநீரகத்தை மேலும் பாதிக்கலாம். இரைப்பையில் இரத்தக்கசிவை உண்டாக்கலாம். இரத்த அழுத்தத்தை உயர்த்தலாம். அவருக்கு அறுவை சிகிச்சைக்கான தேவை இன்னும் வரவில்லை; அல்லது இதயநோய் காரணமாக அறுவை தள்ளிப்போடப்பட்டுள்ளது. வலியால் பயிற்சியும் செய்ய இயலவில்லை. இத்தகையவருக்கு ஊசியும் மின்தூண்டலும் ஒரு சாளரத்தைத் திறந்துவிடக்கூடும்.

அச்சாளரத்தின் வழியே அவர் செய்ய வேண்டியதே முக்கியம். வலி தணிந்த நேரத்தில் ஓய்வாகப் படுத்துவிட்டால், மறுநாள் வலி மீண்டும் வரும். தசை மேலும் மெலிந்திருக்கும். அந்நேரத்தில் தொடைத்தசைப் பயிற்சி செய்தால், சில வாரங்களில் ஊசியும் கருவியும் இல்லாமலேயே நடக்கும் வலிமை கூடும். ஆகவே எமது துறையில் இச்சிகிச்சையை இயன்முறைப் பயிற்சியோடு சேர்த்தே அளிக்கிறோம், தனியாக அளிப்பதில்லை.

யார் தவிர்க்க வேண்டும்?

கீழ்க்கண்ட நிலைகளில் உள்ளவர்கள் மருத்துவரிடம் தவறாமல் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

1. பேஸ்மேக்கர் என்னும் இதயமுடுக்கியோ, இதயத்துடிப்பைச் சீராக்கும் பிற மின்கருவியோ பொருத்தப்பட்டவர்கள் டென்ஸ் கருவியையும் மின் அக்குபஞ்சரையும் தவிர்க்க வேண்டும். இதயநோய் மருத்துவரின் ஒப்புதலின்றித் தொடங்கலாகாது.

2. வார்ஃபரின் போன்ற இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்பவர்களுக்கு ஊசியால் இரத்தக்கட்டு ஏற்படக்கூடும். இதற்காக அம்மருந்தைத் தாமாக நிறுத்துவது அதனினும் பெரிய ஆபத்து.

3. நீரிழிவால் கால்களில் உணர்வு மழுங்கியவர்களுக்கு மின்பட்டையின் சூடோ எரிச்சலோ தெரியாமல் தோல் புண்ணாகலாம். அவர்களின் கால்களைப் பரிசோதித்த பின்னரே தொடங்க வேண்டும்.

4. காலில் இரத்தக்கட்டு அடைப்பு உள்ளவர்கள், முழங்காலைச் சுற்றிப் புண் அல்லது தொற்று உள்ளவர்கள், அப்பகுதியில் புற்றுநோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், வலிப்புநோய் உள்ளவர்கள் ஆகியோர்க்கும் தனி ஆலோசனை தேவை.

5. செயற்கை மூட்டு பொருத்தப்பட்ட முழங்காலில், மூட்டுக்கு அருகே ஊசி குத்துவதைத் தவிர்க்க வேண்டும். அங்குத் தொற்று ஏற்பட்டால் சிகிச்சை மிகக் கடினம்.

ஊசிச் சிகிச்சைக்கு எங்குச் சென்றாலும், ஒருமுறை மட்டுமே பயன்படுத்தும் கிருமிநீக்கிய ஊசிகள் உங்கள் கண்முன்னே உறையிலிருந்து பிரிக்கப்படுகின்றனவா என்று பாருங்கள். பயன்படுத்திய ஊசியால் மஞ்சட்காமாலை பி வகை, எச்.ஐ.வி. முதலிய தொற்றுகள் பரவக்கூடும். கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. அது உங்கள் உரிமை. வெறும் வயிற்றோடு வராதீர்கள். சிலருக்கு ஊசி குத்தும்போது தலைசுற்றி மயக்கம் வரலாம் என்பதால் படுத்த நிலையிலேயே சிகிச்சை தரப்படும்.

வீட்டில் டென்ஸ் கருவியைப் பயன்படுத்தும் முறை

முதன்முறை இயன்முறை மருத்துவரின் முன்னிலையிலேயே பயன்படுத்திப் பழகுங்கள். பேணுபவரும் உடனிருந்து கற்றுக்கொள்வது நல்லது. முழங்காலில் தைலமோ எண்ணெயோ தடவியிருந்தால் சோப்பு நீரால் கழுவி, நன்கு உலரத் துடைத்த பின்னரே பட்டைகளை ஒட்ட வேண்டும். தைலம் பூசிய தோலில் பட்டைகள் சரியாக ஒட்டாமல் ஓரங்களில் எரிச்சல் உண்டாகும். முழங்காற்சில்லுக்கு மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு பட்டைகள் ஒட்டப்படும். கருவி நிறுத்தத்தில் இருக்கும்போதே ஒட்டவும் எடுக்கவும் வேண்டும்.

மின்னோட்டத்தை மெல்லக் கூட்டுங்கள். வலுவாக உணரப்பட வேண்டும். ஆனால் வலிக்கக் கூடாது. பெரும்பாலோர்க்கு ஒரு வேளைக்கு 30 நிமிடங்கள் போதும். நாள்தோறும் ஒரே அளவில் பயன்படுத்தினால் உடல் அதற்குப் பழகிப் பயன் குறையலாம். ஆகவே துடிப்பின் வேகத்தை மாற்றி அமைக்கும் முறையை இயன்முறை மருத்துவரிடம் கேட்டறியுங்கள். கழுத்தின் முன்பக்கம், தலை, நெஞ்சு ஆகிய இடங்களில் ஒருபோதும் ஒட்டக் கூடாது. குளிக்கும்போதும், வண்டி ஓட்டும்போதும், உறங்கும்போதும் பயன்படுத்தக் கூடாது. வீட்டிலுள்ள வேறொருவரின் முதுகுவலிக்கு அதே கருவியை மருத்துவரைக் கேளாமல் கொடுப்பதையும் தவிர்க்கவும்.

பயன் உண்டா என்பதை எவ்வாறு அறிவது?

சிகிச்சை தொடங்கும் முன்னரே ஒரு குறிப்பேடு வாங்கிக்கொள்ளுங்கள். நாள்தோறும் மாலையில், வலி இல்லாமை 0, தாங்க இயலாத வலி 10 என வைத்து, அன்றைய வலிக்கு ஓர் எண் எழுதுங்கள். அதனோடு அன்று செய்ய முடிந்த ஒரு செயலையும் எழுதுங்கள்: எத்தனை நிமிடம் நடந்தீர்கள், எத்தனை படி ஏறினீர்கள், வாசலில் கோலமிட முடிந்ததா, உட்கொண்ட வலிமாத்திரைகள் எத்தனை.

வாரம் ஒன்று அல்லது இரண்டு முறையாக, ஆறு வாரங்கள் கழித்துக் குறிப்பேட்டைப் புரட்டிப் பாருங்கள். வலி எண் 2 புள்ளிகளேனும், அல்லது தொடக்கத்தில் இருந்ததில் 30 சதவீதமேனும் குறைந்திருந்தால் அது பொருட்படுத்தத்தக்க முன்னேற்றம். அதனைவிடக் குறைவாயின் நிறுத்திவிடலாம். முப்பது நாற்பது அமர்வுகளுக்கு முன்கூட்டியே மொத்தமாகப் பணம் கட்டச் சொல்லும் இடங்களில் எச்சரிக்கையாக இருங்கள். பயன் தருமா தராதா என்பது அதற்கு வெகு முன்னரே தெரிந்துவிடும்.

கைவிடலாகாதவை

தொடைத்தசைப் பயிற்சியை நாள்தோறும் செய்ய வேண்டும். காலை நீட்டிப் படுத்து, முழங்காலின் அடியில் மடித்த துண்டொன்றை வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்தி ஐந்து நொடி நிறுத்துவது எளிய பயிற்சி. பத்து முறை செய்து சிறிது ஓய்வுக்குப் பின் மீண்டும் செய்யலாம். எடை மிகுந்தவர்கள் ஒரு கிலோ எடை குறைத்தால், நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மீதான சுமை ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது. சம்மணமிட்டு நெடுநேரம் அமர்வதையும் குந்தி அமர்வதையும் குறைத்து, உயரமான நாற்காலியையும் மேற்கத்திய முறைக் கழிப்பறையையும் பயன்படுத்துவது நன்று. வலி மிகுந்த காலுக்கு எதிர்ப்புறக் கையில் கைத்தடி பிடிக்க வேண்டும்.

ஊசிச் சிகிச்சை பெறுவதால் நீரிழிவு, இரத்த அழுத்தம், இதயநோய் ஆகியவற்றுக்கான மருந்துகளை நிறுத்தலாம் என்று யார் கூறினாலும் நம்ப வேண்டாம். முழங்கால் வலிக்கு வந்த சிகிச்சை, பக்கவாதத்தில் முடிந்துவிடக் கூடாது. உள்ளடக்கம் இன்னதென்று எழுதப்படாத பொடிகளையும் மாத்திரைகளையும் தவிர்க்கவும். அத்தகையவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்புண்டு. வலி உடனே பறந்துபோவது போலத் தோன்றினும், சர்க்கரை ஏறுவதும் எலும்பு மெலிவதும் பின்தொடரும்.

குடும்பத்தார்க்குச் சில சொற்கள்

வலியுள்ளவரை எந்த வேலையும் செய்யவிடாமல் அமரவைப்பதே அன்பு என்று பல வீடுகளில் எண்ணுகின்றனர். மூட்டுத் தேய்மானத்தில் அது தீங்காகவே முடியும். மாலையில் அவரோடு பத்து நிமிடம் நடந்து வருவது, பயிற்சிக்கு நேரம் நினைவூட்டுவது, குறிப்பேட்டில் எண் எழுத உதவுவது ஆகியவையே உண்மையான துணை. "எல்லாம் வயசானா வர்றதுதான்" என்று தள்ளிவிடுவதும் கூடாது, "இன்னும் வலி தீரலையா?" என்று நாள்தோறும் துளைத்துக் கேட்பதும் கூடாது.

முழங்கால் திடீரெனச் சூடாகச் சிவந்து வீங்கிக் காய்ச்சலும் சேர்ந்தால், காலை ஊன்றவே முடியாமற்போனால், மூட்டு மடங்கிய நிலையில் பூட்டிக்கொண்டால், கெண்டைக்கால் வீங்கி வலித்தால் ஊசியையும் கருவியையும் நாடாமல் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். அவை தேய்மானத்தின் வழக்கமான வலிகள் அல்ல.

ஆறு வாரச் சிகிச்சைக்கும் பயிற்சிக்கும் பின்னரும் இரவில் உறக்கம் கலைக்கும் வலியும், வீட்டுக்குள்ளேயே நடக்க இயலாத நிலையும் தொடர்ந்தால், மூட்டு மாற்று அறுவை பற்றிப் பேசும் காலம் வந்துவிட்டது என்று கொள்ளலாம். அது தோல்வியன்று. தசை வலிமையோடு அறுவைக்குச் செல்பவர்கள் அதன்பின் எழுந்து நடப்பதும் எளிதாகும். ஆதலால் இவ்வாரங்களில் செய்த பயிற்சி எந்நிலையிலும் வீண்போவதில்லை. அடுத்தமுறை வெளிநோயாளர் பிரிவுக்கு வரும்போது எக்ஸ்ரே படத்தோடு உங்கள் குறிப்பேட்டையும் மறவாமல் எடுத்து வாருங்கள். அடுத்து என்ன செய்வது என்பதை அதைப் பார்த்தே சேர்ந்து முடிவு செய்வோம்.